பதினோரு பேருக்கும் பெயர் ‘ஆபீஸ்’

சென்ற வாரம் வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. நான்கு வயதுக் குழந்தைக்கான மஞ்சள் நிற டி-ஷர்ட் ஒன்று செக்கிங் டேபிளின் மீது விரிந்து கிடந்தது. அதைச் சுற்றி நான்கு பேர் நின்றிருந்தோம். நால்வரும் அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கழுத்து இருக்க வேண்டியதைவிட அரை அங்குலம் அகலம்.

அரை அங்குலம்தானே என்கிறீர்களா? ஓர் ஆண்டுக்கு முன்பு நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் மதியங்கள் தெரியும். முதுகலை இலக்கியம் படிக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி மதியங்களில் அனுப்பர்பாளையத்தில் உள்ள ஒரு பனியன் கம்பெனிக்குப் போய், துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதித் தருகிறேன். அதிகம் பேசுவதில்லை. வேலையும் அதற்குத் தோதானது.

சில வாரங்களுக்கு முன்பு முதலாளி வேலுச்சாமி எனக்கு இன்னொரு வேலையும் தந்தார்.

“ஏனுங் கண்ணு, நம்ம ஃபைல் எல்லாம் வாட்ஸ்அப்புல கெடந்து நாறுது. ரெண்டு கம்பெனிக்காரங்க வந்து டெமோ காட்டீட்டுப் போயிருக்காங்க. ரெண்டையும் ஓட்டிப் பாத்து, எது நமக்கு ஆகும்னு எழுதிக் குடுங்க. நீங்கதான் படிச்சவங்க.”

நாறியது உண்மைதான். ஒரே அளவுப் பட்டியல் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் ஓகே’, ‘இதுதான் ஃபைனல்’ என்று நான்கு பெயர்களில் நான்கு போன்களில் இருந்தது. கட்டிங் மாஸ்டர் நம்பி வெட்டிக்கொண்டிருந்தது இரண்டாவதை.

விற்க வந்த இருவருமே ‘கிளவுட்’ என்றுதான் சொன்னார்கள். பார்க்கப் பார்க்க வேறுபாடு புரிந்தது. முதலாவது ஓர் அலமாரி. ஃபைலை வைக்கலாம், எடுக்கலாம், எழுதிவிட்டுத் திரும்ப வைக்கலாம். பேட்டர்ன் படங்களைப் போன்ற கனமான ஃபைல்களை அது அலட்டாமல் வாங்கிக்கொண்டது. நெட் போனாலும் கையில் ஒரு பிரதி இருக்கும். இரண்டாவது ஒரு மேஜை. மெயில், காலண்டர், மீட்டிங், கணக்குத்தாள் எல்லாம் அதன் மீதே. முக்கியமாக, ஒரே தாளில் பலர் ஒரே நேரத்தில் எழுதலாம்.

“இந்தக் கிளவுட் எந்த ஊர்ல இருக்குதுங் கண்ணு?” என்று முதலாளி கேட்டார்.

“தெரியலைங்க சார். எங்கியோ ஒரு பெரிய கட்டடத்துல.”

“அப்ப நம்ம கழுத்தளவு, கையளவெல்லாம் நமக்கு முந்தி ஃபாரின் போயிருச்சா?”

சிரித்தோம். ஆனால் மேஜையை முதன்முதலாகத் திறந்த நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் அளவுப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன். நான் எதையும் தொடவில்லை. திடீரென்று ஒரு கட்டத்தில் எண் ஒன்று தானாக முளைத்தது. சாயப்பட்டறையில் நின்றபடி, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நந்தகுமார் எழுதுகிறார். கீழே இன்னொரு கட்டத்தில் நிறம் மாறுகிறது. சேவூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அமர்ந்து முதலாளி ‘ஓகே’ போடுகிறார். மூன்றாவதாக ஒரு கர்சர் கோடு தயங்கித் தயங்கி நகர்ந்தது. அது பத்தடி தொலைவில் செக்கிங் டேபிளில் இருந்த சகாயமேரி அக்கா. போனில் கணக்குத்தாள் திறக்க அன்றுதான் கற்றுக்கொண்டிருந்தார்.

மூவரின் கைகளும் ஒரே தாளில்... நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகள் படித்தும், எழுதப்படும் கணத்தில் ஒரு தாளை இப்படி நான் கண்டதில்லை.

ஒரே ஒரு விசித்திரம். மூன்று கோடுகளின் தலையிலும் ஒரே பெயர் – ‘ஆபீஸ்’. யார் எந்தக் கோடு என்று பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்குக் காரணம் முதலாளியின் ஆணை. “எதுக்குங்க ஆளுக்கொரு ஐடி? ஒரே கம்பெனி, ஒரே பேரு போதும்.” ஆகவே பதினோரு பேருக்கும் ஒரே லாகின். அதன் பாஸ்வேர்டு ஓர் அட்டைப்பெட்டித் துண்டில் கொட்டை எழுத்தில் எழுதப்பட்டு, காலண்டர் ஆணியில் தொங்கியது. ரகசியம் என்பதற்கு எங்கள் ஊரில் அவ்வளவுதான் மரியாதை. எனக்கும் அதில் தவறேதும் தெரியவில்லை.

இப்போது மஞ்சள் டி-ஷர்ட்டுக்கு வருகிறேன்.

“மேரிக்கா, பையர் அனுப்புன பிடிஎஃப்ல கழுத்து ஆறேகால். பீஸ்ல ஆறேமுக்கால் இருக்குது. அளந்து ஓகே போட்டது நீங்க” என்றார் நந்தகுமார்.

“ஷீட்ல ஆறேமுக்கால்தான தம்பி போட்டிருக்கு? அதப் பாத்துத்தான அளந்தேன்” என்றார் சகாயமேரி அக்கா.

“நான் ஏத்தும்போது ஆறேகாலுங்க்கா. தானா மாறுமா?” சற்று நிறுத்தி, “இந்த வாரந்தான் போன்ல ஷீட் தொறக்கக் கத்துக்கிட்டீங்க...” என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. கழுத்து அகலமாகிவிட்டது, அதை மறைக்கப் பட்டியலின் எண்ணை அக்கா மாற்றிவிட்டார் – அதுதான் பொருள்.

சகாயமேரி அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாக அதே டேபிளில், அதே இடத்தில், கழுத்தில் டேப்புடன் நிற்கிறார். புதிதாகத் தொடங்கவிருந்த தையல் லைனுக்கு அவரைத்தான் இன்சார்ஜ் ஆக்குவதாக இருந்தது. திங்கட்கிழமை அறிவிப்பு. மறுநாள் மாலை ஐந்து மணிக்குப் பையரின் ஆள் சாம்பிள் பார்க்க வருகிறார்.

முதலாளி டி-ஷர்ட்டை மடித்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில், “நம்பர மாத்தற ஆள லைன்ல நிறுத்த முடியாதுங்க மேரிம்மா” என்றார்.

“நான் மாத்தல சார்.”

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான்.

வழக்கமாக இத்தகைய இடங்களில் நான் வாயைத் திறப்பதில்லை. அன்று திறந்தேன். “சார், அந்த ஷீட்ல பழைய மாற்றமெல்லாம் அப்படியே இருக்குமுங்க. யார் எப்ப மாத்துனாங்கன்னு பாக்கலாம்.” இரண்டு தளங்களையும் ஒப்பிட்டவள் நான் அல்லவா? குரலில் சிறிது பெருமையும் இருந்திருக்கும்.

திரையில் பழைய பதிவுகளைத் திறந்தேன். நால்வரும் குனிந்தோம்.

பின்னல் துணியில் நூல் முனையைச் சரியாகப் பிடித்து இழுத்தால், வரிசை வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும், பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான் பிரிந்தது. வியாழன் பிரிந்தது, புதன் பிரிந்தது. அழித்த எண்கள் எழுந்து வந்தன. யாரோ தவறுதலாக நீக்கிய ஒரு வரி தன் இடத்தில் வந்து அமர்ந்தது. “ஏ யப்பா, எல்லாத்தயும் வச்சிருக்கு பாரேன்!” என்றார் அக்கா, தன் நிலைமையையே மறந்து.

செவ்வாய், மாலை 3.40. கழுத்து மாறியிருந்தது. மாற்றியவர் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

‘ஆபீஸ்’.

“விளங்கீரும்” என்றார் நந்தகுமார்.

எத்தனை பெரிய நினைவு! நிமிடத்தைச் சொல்கிறது, கட்டத்தைச் சொல்கிறது, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சொல்கிறது. ஆளை மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், நாங்கள் அதனிடம் சொல்லவே இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். அந்த 3.40-இல் மாறியிருந்தது கழுத்து மட்டுமல்ல. பட்டியல் முழுவதுமே மாறியிருந்தது. பின்னங்கள் எல்லாம் தசமங்களாகியிருந்தன. பன்னிரண்டரை என்று இருந்த உயரம் 12.50. ஐந்தேகால் என்று இருந்த கை 5.25. புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, நேர்கோட்டில், கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி...

அந்தக் கம்பெனியில் தசமத்தில் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. டேப்பில் கால், அரை, முக்கால்தான் உண்டு. வாயிலும் அதுதான். தாள் அழகாக இருக்க வேண்டும் என்று பின்னங்களைத் தசமங்களாக்கி அடுக்கிவைக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான்.

செவ்வாய் மாலை அதை முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து ரசித்தது நினைவுக்கு வந்தது. ஆறேகால். 6.25. நான் தட்டியது 6.75.

அந்த நொடியில் அதை அறிந்திருந்தது நானும் அந்த இயந்திரமும் மட்டுமே. இயந்திரம் ‘ஆபீஸ்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. நானும் மூடிக்கொள்ளலாம். பதினோரு பேர் ஒதுங்கி நிற்கும் அளவுக்கு அந்தப் பெயரின் கீழ் நிழல் இருந்தது.

“நான்தானுங்க.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “நான்தானுங்க சார் மாத்துனேன். அழகா அடுக்கலாம்னு... ஒரு நம்பர் தப்பாயிருச்சுங்க.”

“அழகு பண்ணுனீங்களா?” நந்தகுமார் டி-ஷர்ட்டைத் தூக்கிக் காட்டினார். “நல்லா காத்தோட்டமா பண்ணியிருக்கீங்க.”

முதலாளி அந்த டி-ஷர்ட்டை வாங்கி டேபிளில் வைத்தார். “படிச்சவங்கன்னு சொன்னது நாந்தானுங் கண்ணு” என்றார். திட்டியிருந்தால் தேவலை. பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, “மேரிம்மா, தப்பா சொல்லீட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

“அதெல்லாம் பொறவு பாக்கலாம் சார். தம்பி, கட்டிங்குக்குப் போனப் போடு. கழுத்த அகலமா வெட்டியாச்சு, இனிச் சுருக்க முடியாது. முன்னு பின்னு ரெண்டும் புதுசா வெட்டச் சொல்லு. நாளைக்கு அஞ்சு மணிக்கு அந்தாளு வாராருல்லா?”

அவர் பின்னாலேயே படிக்கட்டு வரை போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வேறொன்று நினைவுக்கு வந்து காலைக் கட்டியது. செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு, போனை நீட்டி அவர் என்னிடம் கேட்டிருந்தார் – “பிள்ளே, ஆறேமுக்கால்னு கெடக்கே, நாலு வயசுப் பிள்ளைக்குத் தோள்ல நிக்காதுல்லா? சரிதானா பாரு.” நான் தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்லியிருந்தேன் – “ஷீட்ல இருக்கறதுதாங்க்கா சரி.”

பன்னிரண்டு ஆண்டுகளாக அளந்த கண் சந்தேகப்பட்டது. அதை ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டவள் நான்.

“அக்கா... அன்னைக்கு எங்கிட்டக் கேட்டீங்களே. உள்ள ஏங்க்கா அதச் சொல்லலை?”

“கேட்டேன்னு சொல்லியிருந்தா ஒன் தலையிலல்லா விடியும்? மாத்துனது நீதான்னு எனக்கு அப்பத் தெரியுமா? தெரியாம ஒரு பிள்ள பேர எப்படிச் சொல்ல?”

சொல்லிவிட்டு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

எதையும் மறக்காத ஓர் இயந்திரத்தின் முன் அன்று வியந்து நின்றேன். நிமிடம் உட்பட எல்லாமே நினைவிருந்தும், கைக்கு வந்த இன்சார்ஜ் வேலையே போகும் நிலையிலும், ஒரு பெயரைச் சொல்லாமல் நின்ற இவர் முன்...? படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தேன். இதற்கான சொல் என் பாடத்திட்டத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் புதிய பீஸ்கள் தயாராகிவிட்டன. பையரின் ஆள் கழுத்தை இரண்டு முறை அளந்து, தலையசைத்துவிட்டுப் போனாராம்.

சனிக்கிழமை என் அறிக்கையை முதலாளியிடம் கொடுத்தேன். எங்களுக்கு ஆகக்கூடியது மேஜைதான். ஒரே தாளில் பல கைகள் படும் தொழில் இது. நான்கு இடங்களில் நான்கு ஃபைனல்களுடன் அலமாரியால் என்ன செய்ய முடியும்? ஆனால் பதினோரு பேருக்கும் பதினோரு பெயர் வேண்டும், ‘ஆபீஸ்’ என்று ஒருவர் இந்த ஆபீஸில் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். முதலாளி எழுந்து போய், காலண்டர் ஆணியில் தொங்கிய அட்டையைக் கழற்றி இரண்டாகக் கிழித்தார்.

ஐடி உருவாக்கும்போது ‘மேரி’ என்று தட்டத் தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்தார். “முழுசாப் போடு பிள்ளே. சகாயமேரி. இங்க வந்த நாள்லேருந்து எல்லாரும் பாதியத் தின்னுட்டிய.” திரையில் அந்தப் பெயருடன் பச்சைக் கோடு ஒன்று எழுந்து துடித்தது. திங்கட்கிழமை புது லைனின் இன்சார்ஜ் ஆகப்போகிறவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பட்டியலைத் திறந்தேன். நான் நேர்கோட்டில் அடுக்கிய தசமங்களில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழையபடி காலும் அரையும் முக்காலும். மாற்றியவர்: சகாயமேரி, திங்கள், காலை 9.05. பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது – ‘யாரும் அழகு பண்ண வேண்டாம்.’

எண்கள் கோணல்மாணலாக நிற்கின்றன. கை பரபரக்கிறது. தொடவில்லை.