கடைசி இருக்கையில் இரண்டு சம்பந்திகள்

என் கல்யாண வரவேற்பில் பிரியாணி தீர்ந்துபோனது. நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் ஒரு கூடத்தில் விருந்து. அப்பா மைன்ஸில் கன்வேயர் பக்கம் வேலை பார்த்தவர். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அதற்குத் தகுந்தபடி சமைக்கச் சொல்லியிருந்தார். மாமனாருக்கு மந்தாரக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை. அவர் ஆணி வாங்க வந்தவர்களைக்கூடக் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த அவருடைய கடைத்தெரு நண்பர்களுக்குத் தயிர்சாதம்தான் கிடைத்தது.

மாமனார் கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டு, "ஆளுக்கு இவ்ளோதான்னு எடை போட்டுகினு வந்துட்டாங்க போல" என்றார்.

அது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. "கூப்பிட்டவங்களுக்குத்தான் சமைக்க முடியும். ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் முடியுமா?" என்றார். மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் இயந்திரங்களுக்கு நடுவில் வருஷக்கணக்காகக் கத்திப் பேசியே பழகிய மனிதர் அவர். வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த குவார்ட்டர்ஸிலிருந்து எடுத்துக்கொண்டு வருவார்கள். அன்று மேடையில் நின்றிருந்த எங்களுக்கே தெளிவாகக் கேட்டது.

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது.

நாங்கள் குடியிருந்தது மாமனார் வீட்டு மாடியில். அப்பா என்னைப் பார்க்க வந்தால், கீழே வாசலில் மாமனார் உட்கார்ந்திருந்தாலும், வெளிப்படிக்கட்டில் நேராக ஏறி மேலே வந்துவிடுவார். மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லாரும் ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்ளும்போது, இவர்கள் இரண்டு பேரும் வேறு வேறு வாசல் வழியாக வெளியேறுவார்கள். எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒன்றாக மாட்டிக்கொண்டால், "மழை வர்ற மாதிரி இருக்கு, ஜன்னலச் சாத்தச் சொல்லும்மா" என்று என்னிடம் சொல்வார் அப்பா. ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாமனாராக இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் அம்மாவும் மாமியாரான அத்தையும் அதே கல்யாணத்தில்தான் உயிர்த் தோழிகள் ஆனார்கள். தினமும் போனில் பேசாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

என் கணவர் மைன்ஸில் கான்ட்ராக்டில் எலெக்ட்ரீஷியன். புலிப் பைத்தியம். சாப்பிடும்போதும் போனில் புலி வீடியோதான். போன கோடை விடுமுறையில், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடமும் மூடியிருந்த நேரம், முதுமலைக்குப் போகலாம் என்றார். அத்தையிடம் சொன்னேன். அத்தை அம்மாவிடம் சொன்னார். மறுநாள் காலையில் இரண்டு பேருமாக முடிவு செய்து எனக்குத் தெரிவித்தார்கள்: எல்லாரும் வருகிறோம்.

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான்" என்றார் அத்தை. "உங்கப்பா வர்றது எங்க வூட்டுக்காரருக்குத் தெரிய வேணாம். இவரு வர்றது அவருக்குத் தெரிய வேணாம். வண்டி கெளம்பட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

வாடகைக் கார் எங்கள் வாசலில் புறப்பட்டு, டவுன்ஷிப்புக்குள் நுழைந்து, அப்பாவின் குவார்ட்டர்ஸ் முன்னால் நின்றபோதுதான் மாமனாருக்கு விஷயம் புரிந்தது. பையோடு நின்றிருந்த அப்பாவுக்கும் அப்போதுதான் புரிந்தது. அம்மா அவரைப் பின்னாலிருந்து கிட்டத்தட்ட தள்ளித்தான் வண்டியில் ஏற்றினாள். அப்பா டிரைவர் பக்கத்தில். மாமனார் கடைசி வரிசையில். விருத்தாசலம், சேலம், மேட்டுப்பாளையம் எல்லாம் போயிற்று. மலையில் ஏறும்போது எனக்குக் காது அடைத்தது. அவர்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவே இல்லை.

ஊட்டியில் தங்கிவிட்டு, மறுநாள் கூடலூர் வழியாக இறங்கிக் காட்டுக்குள் வந்தோம். கோடை மழை அங்கங்கே பெய்து மூங்கில் பச்சை பிடித்திருந்தது. மதியத்துக்கு மேல் வனத்துறை வேனில் எங்களுக்கு இடம் கிடைத்தது. எங்களுக்கு முன்பே கல்லூரிப் பையன்கள் ஒரு கும்பலாக ஏறி முன்பக்கத்தைப் பிடித்திருந்தார்கள். அம்மாவும் அத்தையும் ஓடிப்போய் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நானும் கணவரும் அவர்களுக்குப் பின்னால். மிச்சம் இருந்தது கடைசி இருக்கை ஒன்றுதான். ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் மாமனார். நடுவில் இன்னும் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். அம்மாவும் அத்தையும் திரும்பியே பார்க்கவில்லை. ஆனால் அத்தையின் தோள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

வேன் டிரைவர் எழுந்து நின்று சொன்னார்: "உள்ள போனதும் யாரும் சத்தம் போடக் கூடாதுங்க. ஏதாச்சும் கண்ணுல பட்டா பக்கத்துல இருக்கறவங்கள தொட்டுக் காட்டுங்க, போதும்."

"சரிங்க!" என்றார் அப்பா. வேனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் புள்ளிமான்கள். சாலையோரமாக, எங்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன. அடுத்து ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு குறுக்கே போனது. பையன்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? நம்ம பிளாக்ல தெனமும் குழாயடிக்கு வருதே" என்று அம்மா அத்தையின் காதில் சொன்னாள். அப்புறம் ஒரு காட்டெருமை. கறுப்புப் பாறை மாதிரி நின்று, வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்களை மாற்றி மாற்றி வைத்தது. என் கணவர் எதையும் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது புலி. புதர் புதராகத் தேடிக்கொண்டே வந்தார்.

ஒரு வளைவில் வேன் நின்றது. இடது பக்கம், மூங்கில் புதருக்கு முன்னால், யானைக் கூட்டம். நடுவில் ஒரு குட்டி. தன் தும்பிக்கையை என்ன செய்வது என்று அதற்கு இன்னும் தெரியவில்லை. தூக்கியது, சுழற்றியது, தானே மிதித்துக்கொண்டது. டிரைவர் என்ஜினை அணைத்தார். எல்லாரும் இடது பக்கம் சாய்ந்தோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகச் சிரித்தாள்.

அப்போது பின்னாலிருந்து "ம்ம்ப்" என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். மாமனாரின் உள்ளங்கை அப்பாவின் வாயை அழுத்திப் பொத்தியிருந்தது. அப்பாவின் கண்கள் பிதுங்கி வெளியே வந்துவிடும்போல இருந்தன. இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது காட்டுக்குள் வந்து கைகலப்பாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"மாமா!" என்று கத்திவிட்டேன்.

வேனே திரும்பிப் பார்த்தது. அவர்கள் இரண்டு பேரும் எங்களைப் பார்க்கவில்லை. பின்கண்ணாடி வழியாக, நாங்கள் வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் மெதுவாகக் கையை எடுத்தார். நடுவில் இருந்த இடைவெளி எப்போது காணாமல் போனதோ, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"புலி" என்றார் அப்பா. கிசுகிசுப்பாக. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "போயிடுச்சு."

எல்லாரும் பின்பக்கம் பாய்ந்தோம். பாதை காலியாகக் கிடந்தது. டிரைவர் வேனைக் கொஞ்சம் பின்னால் எடுத்துப் பார்த்தார். காய்ந்த சருகுகள், தார்ச்சாலை, இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர். தூரத்தில் ஒரு மான் ஒருமுறை குரல் கொடுத்தது. "இருக்கலாங்க" என்றார் டிரைவர், பொதுவாக.

முன்னால் இருந்த ஒரு பையன் சிரித்தான். "அங்கிள், கன்னுக்குட்டியா இருக்கும்."

மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "கன்னுக்குட்டிக்கு ஒடம்பு பூரா வரி போட்டுகினா இருக்கும், தம்பி? சம்பந்தி, நீங்க சொல்லுங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

சம்பந்தி என்ற சொல் காதில் பட்டதும் அத்தை அம்மாவின் கையைக் கிள்ளினார். அம்மா வலியைப் பொறுத்துக்கொண்டாள்.

"வலது பக்கம். அந்தப் புதருக்குள்ளேர்ந்து" என்றார் அப்பா. குரல் பழையபடி ஓங்கிவிட்டது. "நடுரோட்டுல நின்னுச்சு. நம்மளப் பாத்துச்சு. அப்பறம் எறங்கிப் போயிடுச்சு."

"நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சுங்க. நல்லா நின்னு பாத்துச்சு."

"ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?" என்றார் என் கணவர். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"குடுக்கத்தான் பாத்தேன், மாப்ள. இவரு வாயப் பொத்திட்டாரு."

"பொத்தாம? நீங்க வாயத் தெறந்திருந்தா புலி, ஆனை, மான் எல்லாம் கேரளாவுக்கே ஓடியிருக்கும், சம்பந்தி."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல், இருக்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மாமனாருக்கும் தொற்றிக்கொண்டது. யானைக் கூட்டம் இனிமேல் இந்த இடம் வேண்டாம் என்று மூங்கிலுக்குள் நகர்ந்தது. டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்று சாயங்காலம் மசினகுடியில் தங்கினோம். இரண்டு பேரும் நாற்காலிகளை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு, டீயும் கையுமாக அதையே திரும்பத் திரும்பப் பேசினார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்கக் கேட்க எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய சாட்சி.

"பயமே இல்ல பாத்தீங்களா அதுக்கு" என்றார் அப்பா.

"அதுக்கென்ன பயம்? வாடகைக்கு இருக்கறவங்கள வூட்டுக்காரன் பாக்கற மாதிரி பாத்துச்சு. என்னடா, மாசம் பொறந்து எவ்ளோ நாளாவுதுன்னு கேக்கற மாதிரி."

அப்பா கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு இன்னும் ஒரு அண்டா வைக்கச் சொல்லியிருக்கணும் நான்" என்றார்.

மாமனாருக்கு எது என்று புரிந்தது. "வுடுங்க. நானும் ஊரையே கூப்ட்டுகினு வந்தா யாருதான் என்னா பண்ணுவாங்க?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் மறுபடியும் புலி. நானும் என் கணவரும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டோம். அவர் என்னைப் பார்த்து, "எனக்குப் புலி தெரியலன்னாலும் பரவால்ல" என்றார். ஆனால் அது முழு உண்மை இல்லை. மறுநாள் காலை முதல் வேனுக்கு அவர்தான் எல்லாரையும் எழுப்பினார். சம்பந்திகள் தாங்களாகவே கடைசி இருக்கைக்குப் போனார்கள். அன்று மான்களும் ஒரு கீரியும் மட்டும்தான் கிடைத்தன.

ஊர் திரும்பியதும் அவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. தனித்தனியாகச் சொன்னால் யாரும் நம்பவில்லை. மைன்ஸ் கேன்டீனில் அப்பாவைக் கேலி செய்தார்கள். அப்பா உடனே மாமனாரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுவார். ஆனால் போனில் கேட்கிற குரலையும் கேலி செய்தார்கள். கடையில் மாமனாருக்கும் இதே கதி. ஆகவே ஷிப்ட் முடிந்ததும் அப்பா நேராகக் கடைக்குப் போக ஆரம்பித்தார். ஒருவர் தொடங்குவார், மற்றவர் முடிப்பார். பூசை முடிந்து கோயில் வாசலில் இப்போது ஒரு கூட்டம் நிற்கும். நடுவில் இவர்கள்.

மாதங்கள் போகப் போகப் புலி வளர்ந்தது. முதலில் அது நின்று பார்த்தது. அப்புறம் வேனை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அதன் மூச்சுக்காற்று பின்கண்ணாடியில் படிந்திருந்தது. வால் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. அப்பா நேராக நீட்டியிருந்தது என்றார், மாமனார் நுனி சுருண்டிருந்தது என்றார். "வாலு சண்ட இன்னைக்கு முடியாது" என்று அம்மாவிடம் போனில் அத்தை சொல்வார். "சோத்த எடுத்து மூடி வச்சிட்டேன்."

அப்பா ஓய்வு பெற்ற மாதமே, எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு பேரும் டாப்ஸ்லிப்புக்குப் போவதாக அறிவித்தார்கள். அங்கிருந்து பரம்பிக்குளம் காட்டுக்குள் போக வேன் உண்டாம். பஸ்ஸில் போய், பஸ்ஸில் வருவார்களாம். பெண்டாட்டிகளைக் கூப்பிடவே இல்லை.

அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் சாயங்காலம் நாங்கள் நால்வரும் எங்கள் மாடியில் உட்கார்ந்திருந்தபோது மாமனார் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அப்பா. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஒண்ணுமே பாக்கலம்மா! செம மழை. ஒரு அணிலு, பெரிய அணிலு, செவப்பா, அத மட்டும் பாத்தோம். உங்க மாமா தொப்பலா நனைஞ்சிட்டாரு. இங்க மீன் வறுவல் அப்படி இருக்கு. நாளைக்கும் இருந்துட்டு வர்றோம், அம்மாகிட்ட சொல்லிடு."

பின்னாலிருந்து மாமனாரின் குரல் கேட்டது: "நாளைக்கில்ல சம்பந்தி, நாளான்னிக்கின்னு சொல்லுங்க."

அத்தை என் கையிலிருந்து போனை வாங்கினார். "இருந்துட்டே வாங்க, அவசரமில்ல. நாங்க ரெண்டு பேரும் நாளைக்கி வேளாங்கண்ணிக்குப் போறோம். அங்கேர்ந்து எங்க போவோம்னு எங்களுக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தார். அம்மா அதற்குள் பெட்டியை எடுக்கக் கிளம்பிவிட்டாள்.