பட்டாவில் உள்ளபடி

ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மற்ற ஐந்து பேரும் செயலிகளை உருவாக்குவார்கள். திரையில் வரும் தமிழை நான் எழுதுவேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கம் நெல் காயவைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தது. தை மாத அறுவடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள் என்பதால், வீட்டிலிருந்தே போனில் முறை பதிந்துகொள்ள ஒரு செயலி கேட்டார்கள். முதலில் செய்த படிவம் நீளமாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் ஒரு தலைப்பு. சின்ன போனில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நான்தான் தலைப்புகளை எடுத்துவிடலாம் என்றேன். என்ன நிரப்ப வேண்டும் என்பதை அந்தந்தக் கட்டத்துக்குள்ளேயே வெளிறிய எழுத்தில் வைத்தேன். ஆள் எழுத ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். மொத்தப் படிவமும் ஒரே திரையில் அடங்கிவிட்டது.

முதல் கட்டத்தில் 'பெயர் (பட்டாவில் உள்ளபடி)' என்று எழுதினேன். அதற்குக் காரணம் இருந்தது. சங்கம் கொடுத்த உறுப்பினர் பட்டியலில் நில உரிமையாளர்களின் பெயர்கள்தான் இருந்தன. பெயர் பொருந்திவிட்டால் பட்டியலில் இருக்கும் கைபேசி எண்ணைச் செயலியே எடுத்துக்கொள்ளும். எண்ணைத் தனியாக அடிக்கிற சிரமம்கூட வேண்டாமே என்று அதையும் நான்தான் சொன்னேன்.

சங்கத்தின் எழுத்தர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து நிரப்பிப் பார்த்தார். சீக்கிரமே முடித்துவிட்டார்.

"சுலபமாத்தான் இருக்குங்க மேடம்," என்றார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க பக்கம் குத்தகைக்குப் பண்றவங்கதான் பாதிப்பேர். பட்டான்னு பாத்தா குழம்பிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"அடுத்த தடவை மாத்தும்போது பாத்துக்கலாங்க," என்றேன். அந்தக் கட்டத்தில் அதற்கு மேல் எழுத இடமில்லை.

எங்களுக்கும் அந்தப் பக்கத்தில் அப்பா பெயரில் மூன்று ஏக்கர் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் என்னோடு தஞ்சாவூருக்கு வந்துவிட்ட பிறகு, ஊரில் ஓர் அக்காதான் அதைக் குத்தகைக்கு எடுத்துச் செய்துவந்தார். கணவர் இறந்த பின்னும் விடாமல், நாற்றுவிடுவது முதல் அறுப்பது வரை தனியாகவே நின்று பார்த்தார். நான் கல்லூரியில் படிக்கும்போதிருந்து அவரைத் தெரியும். ஆனால் அந்த வரியை எழுதியபோது ஒரு கணம்கூட அவர் என் நினைவுக்கு வரவில்லை. பெயர் என்று எழுதியபோது என் மனதில் இருந்தது அப்பா மாதிரி ஆட்கள்தான்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா போனைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"நெல் காயவைக்க நாளைக்குக் காலையில முறையாம். எனக்கெதுக்கு அனுப்புறாங்க?"

"விளம்பரமா இருக்கும்பா. அழிச்சிடுங்க."

அந்தக் குறுஞ்செய்தியின் வாசகமும் நான் எழுதியதுதான். எட்டிப் பார்த்திருந்தால் முதல் சொல்லிலேயே தெரிந்திருக்கும். தலை வாரிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. வெயில் திரும்பிய அன்று சங்கத்திலிருந்து புகார் வந்தது: பதிந்தவருக்குத் தகவல் போகவில்லை, நெல் நனைந்து முளைத்துவிட்டது. எங்கள் மேலாளர் பதிவை எடுத்துத் திரையில் காட்டினார். அப்பாவின் பெயர் இருந்தது. பதிந்தது யார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"என்ன ஆச்சுன்னு பாரும்மா," என்றார் மேலாளர்.

"அவங்க வேற ஒருத்தர் பேரைப் போட்டிருக்காங்க சார். நம்ம பக்கம் தப்பில்ல," என்றேன்.

அது யாருடைய பெயர் என்று சொல்லவில்லை. அவரும் அதையே சங்கத்துக்குப் பதிலாக எழுதி அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அக்கா சாலையோரத்தில் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். தார்ப்பாய்க்கு அடியில் இருந்த குவியலில் கைவைத்தால் சூடு தெரிந்தது. புளித்த வாடை அடித்தது. ஒவ்வொரு நெல்மணியிலும் வெள்ளையாக முளை நீட்டியிருந்தது.

"வாங்க பாப்பா. அய்யா நல்லா இருக்காங்களா?" என்றார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார். "என் தப்புதானாம் பாப்பா. சங்கத்துல படிச்சுக் காட்டுனாங்க, நான்தான் பேரை மாத்திப் போட்டுட்டேன்னு."

"எப்படிக்கா போட்டீங்க?"

"மொதல்ல என் பேரத்தான் அடிச்சேன். அடிச்சதும் உள்ள இருந்த எழுத்து போயிடுச்சு. பட்டான்னு என்னமோ இருந்துச்சேன்னு சந்தேகம் வந்து, அழிச்சிட்டு மறுபடி பாத்தேன். பட்டாவில் உள்ளபடின்னுதான் இருந்துச்சு. பட்டா அய்யா பேர்லதான இருக்கு? அதான் அய்யா பேரைப் போட்டேன். பதிவாயிடுச்சு, தகவல் வரும்னு வந்துச்சு. போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் படிவத்தைத் தவறாகப் படிக்கவில்லை. நான் கேட்டதைத்தான், ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து, எழுதியிருந்தார்.

"அத எழுதுனது நாந்தான்கா," என்றேன்.

"நீங்களா?" என்றார். குனிந்து ஒரு கை நெல்லை அள்ளி மறுபடி பரப்பினார். பிறகு கேட்டார், "அப்ப தகவல் அய்யா போனுக்கு வந்துச்சா பாப்பா?"

"தெரியலக்கா."

அந்தப் பதிலை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொள்ள முடிந்தது. அழிக்கச் சொன்னேன் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. அவர் பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். முளைத்ததைக் கோழித்தீவனத்துக்கு எடுக்கிறவர் வந்து அள்ளிக்கொண்டு போனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை படிவத்தை மாற்றினேன். தலைப்புகளைக் கட்டத்துக்கு வெளியே, மேலே, கருப்பாக வைத்தேன். 'பயிர் செய்தவர் பெயர்' என்று எழுதி, கட்டத்துக்குக் கீழே, 'நிலம் யார் பெயரில் இருந்தாலும் உங்கள் பெயரை எழுதுங்கள்' என்று சேர்த்தேன். அது எழுத ஆரம்பித்தாலும் மறையாது. கைபேசி எண்ணுக்கும் தனிக் கட்டம் வைத்தேன். படிவம் பழையபடி நீண்டுவிட்டது. மேலாளர் முகம் சுளித்தார். தவறு எங்களுடையது என்று சங்கத்துக்கு எழுத வேண்டும் என்றேன்; இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். கடிதம் போய்ச் சேர்ந்ததும் எழுத்தர் கூப்பிட்டார். "நான் அன்னைக்கே கேட்டேன்ல மேடம்," என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

சித்திரையில் அக்கா தஞ்சாவூருக்கு வந்தார். எங்கள் நிலத்தில் எடுத்த உளுந்து ஒரு பை கொண்டுவந்திருந்தார். அப்பாவிடம், "குத்தகையை இந்த வருசத்தோட விட்டுடுறேன்யா," என்றார்.

"ஏம்மா, அந்த நெல்லு போனதுக்காகவா?"

"அது மட்டும் இல்லைங்கய்யா. மக நாகூர்ல தனியா இருக்கு. அங்க ஒரு ஹோட்டல் சமையக்கட்டுல எனக்கும் வேலை சொல்லி வெச்சிருக்கு. மழைக்குப் பயந்துகிட்டே எத்தனை வருசம் இருக்குறது?"

 அங்கிருந்து நேராக மகளிடம் போகக் கிளம்பியவரைப் பேருந்து ஏற்றிவிட அவரோடு நடந்தேன். நிறுத்தத்தில் நின்றபோது சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு அந்தத் தகவல் அப்பாவுக்கு வந்துச்சு. விளம்பரம்னு நாந்தான் அழிக்கச் சொன்னேன்."

"தெரியும் பாப்பா," என்றார். "நெல்லு போனதக் கேள்விப்பட்டதுமே அய்யா போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. நீங்க ஊருக்கு வர்றதுக்கு மொத நாளே."

அப்படியென்றால், சாலையோரத்தில் நின்று அவர் கேட்டபோது அவருக்கு விடை தெரிந்தே இருந்தது. நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறார். அப்பாவும் இத்தனை நாள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். நாகப்பட்டினம் பேருந்து வந்துவிட்டது. "அதெல்லாம் விடுங்க. அய்யாவப் பாத்துக்குங்க," என்று ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தவர், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்பக்கம் பார்த்தார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தேன். நன்றாகத்தான் பேசினார். மகளைப் பற்றி, ஹோட்டல் கூட்டத்தைப் பற்றி, நாகூர் தர்கா கந்தூரி விழா சமயத்தில் ஓய்வே கிடைக்காததைப் பற்றி. நிலத்தை யார் செய்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இந்தப் போகம் தரிசாகத்தான் கிடக்கிறது என்று உண்மையைச் சொல்லியிருப்பேன்.