பீடத்துச் சுவர்

தாராவித் தச்சர் பிரைட்டனுக்குக் கல்யாணம் நடந்த ஜெபவீட்டை, ஆள் குறைந்துபோனதால் சபையாரே விற்றுவிட்டார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை. வாங்கிய ரஹ்மத்துல்லா அதைத் தொழுகைக்கூடம் ஆக்கினார். தொழுகை மேற்கு நோக்கி என்பதால், கிழக்கே இருந்த பீடத்துச் சுவர் பின்சுவராகிவிட்டது. அங்கே செருப்பு அலமாரியை மாட்டப் பிரைட்டனிடமே சொன்னார். இரண்டு துளை போட்டதும் பிரைட்டனுக்குக் கை ஓடவில்லை.

“என்ன தம்பி, அந்தக் காலத்து ராஜாக்க மாதிரி சண்டை போட்டா சர்ச்சைப் பள்ளிவாசலாக்குதேன்? பள்ளிவாசலப் புடிச்சு சர்ச்சாக்குனவனும் உண்டு. நாம வெல குடுத்துல்லா வாங்கியிருக்கோம்.”

“செரிதான் பாய். ஆனா அன்னைக்கும் செவுத்துல ஆணியடிச்சவன் என்னய மாதிரி உள்ளூர்க்காரனாத்தான இருந்திருப்பான்?”

ரஹ்மத்துல்லா அலமாரியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிரைட்டன் துளைகளை அடைத்துப் பெயிண்ட் அடித்தார். அடைத்த இடம் இன்றைக்கும் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது.