குளவி கொட்டிய புழு சாகவில்லை

குளவியைக் கண்டால் ஊரார் துடைப்பத்தைத் தூக்குவார்கள். நான் அதை வளர்த்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். பூச்சியோடு மாரடிக்கும் சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

முதல் வாரத்து அசடு

காரைக்காலில் எங்கள் ஆய்வகம். இரண்டு டிஷ்யூ தாளுக்கு நடுவே புழுக்களை வைத்து, குளவிகள் இருக்கும் கண்ணாடிக் குடுவையின் வாயை மூடுவோம். குளவி தாள் வழியாகவே கொட்டி, புழுவின் மேல் முட்டையிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அசையாமல் கிடந்த புழுக்களைச் செத்தவை என்று நினைத்து முட்டையோடு அள்ளிக் குப்பையில் போட்டேன். மேலதிகாரி அம்மா கூடையை எட்டிப் பார்த்தார்.

"நல்லா சுத்தம் பண்ணியிருக்கம்மா, அடுத்த தலைமுறையையே!"

கொசுவா கேட்டேன்?

மண்டபத்தூர் ஞானப்பிரகாசம் அண்ணன் இடுப்பு வலியால் கடலுக்குப் போவதை விட்டவர். அறுபது தென்னைதான் அவர் வீட்டுக்குச் சோறு. கருந்தலைப்புழு பச்சையைச் சுரண்டித் தின்று, ஓலைகளெல்லாம் தீய்ந்துபோயிருந்தன. நான் கொசு அளவே இருக்கும் பிராக்கான் என்ற குளவியை அடைத்த குழாய்களை நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"ஏம்மா, புழு என் தோப்பையே திங்குது. நீங்க கொசுவ புடிச்சுக் குடுக்கிறீங்களே?"

ஊசி வைத்தியம்

எப்படியோ சமாதானம் சொல்லிக் குளவிகளைத் தோப்பில் திறந்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் அவரிடமிருந்து போன். புழு ஒன்றுகூடச் சாகவில்லையாம், மருந்தடிக்க ஆள் வந்தாயிற்றாம். மருந்தடித்தால் முதலில் சாவது என் குளவிகள். ஸ்கூட்டியை விரட்டினேன்.

ஓலையில் புழுக்கள் உயிரோடுதான் கிடந்தன, ஆனால் நெளியவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் ஏமாந்தவள்தானே! நெளிகிற புழு ஒன்று, குளவி கொட்டிய புழு ஒன்று, இரண்டையும் குண்டூசியால் குத்தி ஒரு தட்டில் வைத்தேன். டீ குடித்து, ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் நெளிகிற புழுவின் காயம் கறுத்துவிட்டது. மற்றதில் கறுப்பே இல்லை.

"அந்தக் கறுப்புதான் புழுவோட காவல். உள்ள எது நுழைஞ்சாலும் ரத்தத்துல இருக்கிற அணுக்கள் சுத்தி வளைச்சு அமுக்கிடும். குளவியோட விஷம் அதை வேலை செய்ய விடாது. புழு அழுகாம உயிரோட கிடந்தாத்தான் குளவிக் குஞ்சு அதைத் தின்னு வளரும்" என்றேன். மருந்துக்காரரோ ஸ்பிரேயரைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தார். அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா தட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"வாட்ச்மேனத்தான் மொதல்ல படுக்க வச்சிருக்கு. மருந்துக்காரர அனுப்பிடுங்க."

விருந்தாளிகள்

சில மாதம் கழித்து, புதுக் குழாய்களோடு அந்தத் தோப்புக்குப் போனேன். நடுக்குருத்திலிருந்து வந்த ஓலைகள் ஒரு சுரண்டல் இல்லாமல் பச்சையாக விரிந்திருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. அண்ணன் குழாய்களை வாங்கவில்லை. என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வேணாம்மா. அன்னிக்கு வந்தவங்களே பெருகி ஓலைக்கு ஓலை குடியிருக்காங்க. இத பக்கத்துத் தோப்புக்குக் குடுங்க, அவன் பாவம், இன்னும் மருந்தடிச்சிட்டிருக்கான்."

பிள்ளை வளர்த்துப் பெருமைப்படுகிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. விஷம் வளர்த்துப் பெருமைப்படுகிறவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.