நாற்பத்தொரு மதிப்பெண்

நீட் தேர்வு எழுதுவதென்று நானாக உட்கார்ந்து முடிவெடுத்த நாள் என்று ஒன்று கிடையாது. நாத்தனாருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனேன். போனவள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமாகிக் கோம்பைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் தென்னந்தோப்பையும் கொஞ்சம் திராட்சையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா, எனக்கும் அப்படித்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து முதல் முறை எழுதியதில் அவளுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. வெளியூரில் விடுதியோடு சேர்ந்த பயிற்சி மையம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒன்றரை மாதத்தில் கன்னம் ஒட்டி, முடி கொட்டி, பெட்டியோடு வந்து நின்றாள்.

"அங்கன இனிமே போக மாட்டேன். வீட்டுலயே படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாடி அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அத்தை என்னிடம் வந்தார். "நீ விலங்கியல்தான ஆத்தா படிச்ச? பாப்பாவுக்குச் சொல்லிக் குடேன். வீட்டுலயே ஒரு டீச்சர வச்சுக்கிட்டு வெளிய என்னத்துக்கு அலையணும்?"

நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருந்தேன். மயிலாடும்பாறையில் இலவ மரங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பஞ்சு எடுக்கும் குடும்பத்திலிருந்து கல்லூரி வரை போனது நான் ஒருத்திதான். கல்லூரி முடிந்த மூன்றாம் மாதம் கல்யாணம். சான்றிதழ்கள் பீரோவில் கிடந்தன. அத்தை அப்படிக் கேட்டபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. சமையலை ஒன்பதரைக்குள் முடித்துவிட்டுப் பத்து மணிக்கு மாடிக்குப் போவதென்று ஏற்பாடானது.

முதல் சில வாரங்கள் நான் ஆசிரியை, அவள் மாணவி. பாப்பா சுறுசுறுப்பான பெண். ஆனால் பயந்துபோயிருந்தாள். மாதிரித் தேர்வுத் தாளை முன்னால் வைத்தாலே கை வியர்த்துவிடும். தனியாக எழுத முடியவில்லை என்றாள். "நீங்களும் பக்கத்துல உக்காந்து எழுதுங்க மதினி. அப்பத்தான் எனக்கு ஓடும்."

அப்படித்தான் நானும் விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக்கத் தொடங்கினேன். உயிரியலில் எனக்கு நல்ல மதிப்பெண். இயற்பியலில் மைனஸ். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும் என்பதால், ஒன்றும் எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் இதைவிட அதிகம் வாங்கியிருப்பேன். பாப்பா என் தாளைத் திருத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் விடுதியிலிருந்து வந்த பிறகு சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அவள் எனக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தாள். திருப்பு விசை என்ற சொல் எனக்கு விளங்கவே இல்லை. "உங்க அப்பா இலவங்காய் பறிக்க நீளத் தொரட்டி வச்சிருப்பாகல்ல? அதோட அடி நுனியப் பிடிச்சுப் படுக்கையா நீட்டித் தூக்கிப் பாருங்க. நடுவுல பிடிச்சுத் தூக்கிப் பாருங்க. அதே தொரட்டிதான், கையி ஏன் இழுக்குது?" என்றாள். மூங்கில் கழியின் கனம் என் மணிக்கட்டுக்கு நினைவு வந்தது. அதன் பிறகு அந்தப் பாடத்தில் எனக்குத் தவறு வரவில்லை. பாப்பா அளவுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுக்கிற யாரிடமும் நான் அதற்கு முன்னால் படித்ததில்லை.

விண்ணப்பம் வந்ததும் தனக்குப் போட்ட கையோடு எனக்கும் போட்டுவிடுவோம் என்றாள் பாப்பா. எனக்கு இருபத்துநாலு வயது. வயது வரம்பெல்லாம் இப்போது இல்லை என்று அவள்தான் தேடிப் பார்த்துச் சொன்னாள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். தோப்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதேன். அம்மாகிட்ட மட்டும் பாப்பாவுக்குத் துணைக்கு எழுதுறேன்னு சொல்லு. வேற மாதிரி சொன்னா அது இதுன்னு கேப்பாக."

அத்தையிடம் அப்படியே சொன்னேன். சொன்ன அன்று அது உண்மைதான். எந்த நாளில் அது பொய்யாக மாறியது என்று எனக்கே தெரியாது. குழம்பு கொதிக்கும்போது வேதிச் சமன்பாடுகள் வாய்க்குள் ஓடின. உத்தமபாளையம் போகிற பேருந்தில் ஜன்னல் பக்கம் பார்க்காமல் குறிப்பேட்டைப் பார்த்தேன். மாதிரித் தேர்வில் பாப்பாவை நெருங்க நெருங்க, அவள் தாளை முதலில் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிப்ரவரியில் கல்லூரித் தோழி ஒருத்தி, அவள் தம்பி பயன்படுத்திய வினாத்தாள் கட்டு ஒன்றை எனக்கு அனுப்பி வைத்தாள். கடினமான கேள்விகளுக்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் வழி எழுதியிருந்தது. கைக்கு வந்ததும் நான் நேராக மாடிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். ஒரு வாரம் பாப்பா குளிக்கப் போகும் நேரங்களில் நான் மட்டும் எடுத்துப் படித்தேன். எட்டாம் நாள், இன்றைக்குத்தான் வந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். "சூப்பர் மதினி!" என்று கட்டிக்கொண்டாள். அந்த ஒரு வாரத்தால் அவளுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அதற்குப் பிறகு இரண்டரை மாதம் இருந்தது. இருந்தாலும் நான் அதைச் செய்தேன். இன்று வரை அவளிடம் சொல்லவில்லை.

தேர்வு நாள் காலையில் எல்லா உலோகத்தையும் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். இடது கால் மெட்டி வரவில்லை. அத்தை சோப்பு நுரையோடு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்து காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கூசியது. மெட்டியைத் திருகித் திருகி எடுத்துவிட்டு, தாலிச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைப் போட்டுவிட்டார். நான் அனுமதிச் சீட்டை மூன்றாம் முறையாக எடுத்துச் சரிபார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"துணைக்குப் போறவளுக்கு எதுக்குத்தா இம்புட்டுப் பதட்டம்?"

 பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு பூசி அனுப்பினார்.

தேனியில் இரண்டு பேருக்கும் வேறு வேறு மையம். பாப்பாவை முதலில் இறக்கிவிட்டு நானும் வீட்டுக்காரரும் என் மையத்துக்குப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையில் நின்றேன். வாசலில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் கையை நீட்டி, "பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் மரத்தடியில நில்லுங்கம்மா" என்றார். அனுமதிச் சீட்டை நீட்டினேன். சீட்டில் இருந்த படத்தையும் என் கழுத்தில் கிடந்த கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "போங்க தங்கச்சி, நல்லா எழுதுங்க" என்றார். முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இயற்பியல் பகுதியைத் தாண்டினேன்.

முடிவு வந்தபோது பாப்பா என்னைவிட நாற்பத்தொரு மதிப்பெண் அதிகம். அவளுக்கு எம்.பி.பி.எஸ். அந்த முறையும் எட்டாது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பல் மருத்துவம்கூட அரசுக் கல்லூரியில் கிடைப்பது கஷ்டம். அவள் அழவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க எம்புட்டு நல்லா எழுதிருக்கீக மதினி. இயற்பியல்ல என்னைய ஒட்டி வந்துட்டீக" என்றாள்.

கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க இருவரும் உத்தமபாளையத்தில் ஒரு கணினி மையத்துக்குப் போனோம். பாப்பாவுக்குப் பதிந்து முடித்ததும் அங்கிருந்த பெண் என் பக்கம் திரும்பி, "ஆறாவதுல இருந்து எங்க படிச்சீங்கக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் அரசுப் பள்ளிக்கூடந்தான்."

"அப்ப உங்களுக்கு உள் ஒதுக்கீடு வருமே. பள்ளிக்கூடத்துல சான்றிதழ் வாங்கிட்டு வந்துருங்க."

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனி இடங்கள் உண்டென்பது எனக்கு அதுவரை தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும். மனதுக்குள் கணக்குப் போட்டும் பார்த்திருந்தேன். ஆனால் அந்த அறையில் பாப்பாவின் முன்னால் இன்னொருவர் வாயால் அது வந்தபோது, திருடிய பொருளை யாரோ என் பையிலிருந்து எடுத்துக் காட்டியது போல இருந்தது. வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது பாப்பா சர்பத் வாங்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

நான் மயிலாடும்பாறைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் எனக்கு முன்பே முடிந்துவிட்டன. பல் மருத்துவம் கிடைத்தது. பாப்பாவுக்குத் தனியார் கல்லூரியில் அதே படிப்புதான் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை அத்தை கூடத்தில் வைத்துக் கேட்டார். "என் மகதான கூட வாங்கிருக்கா. உனக்கு எப்பிடிச் சீட்டு வரும்?"

விளக்கிச் சொன்னேன். என் குரல் எனக்கே ஒரு வக்கீலின் குரல் போலக் கேட்டது. அத்தை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. "அவ சொல்லிக் குடுத்துப் படிச்சவ நீ" என்றார். அதுவும் உண்மை.

மாமா அதிகம் பேசாதவர். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் சொன்னார்: "பாப்பாவுக்கு ஆறாப்புல இருந்து ட்யூசன் வச்சோம். வேன் வாசல்ல வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. இந்தப் புள்ளைக்கு யாரு வச்சா? நாப்பது மார்க்கு அதுல போயிருக்கும்."

"அஞ்சு வருசம் விடுதியில இருக்கப் போறாளாம். பிள்ளை குட்டி வேணாமா?" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல் தன் மகனைப் பார்த்து.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நான் பேசுவதற்காகக் காத்திருந்தார் என்று பிறகுதான் புரிந்தது. "நான் போறேன் அத்த" என்றேன். போகட்டுமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அந்த வார்த்தை.

மாடிக்கு ஏறிப் போனேன். பாப்பா புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பல் டாக்டரு வேணாம் மதினி. சும்மா குடுத்தாலும் போக மாட்டேன். உங்க சீட்டு என் சீட்டு இல்ல, அது எனக்கு நல்லாவே தெரியும். ஆனா சந்தோசம்னு சொல்லுன்னு மட்டும் இப்பக் கேக்காதீக. வராது."

"கேக்கல" என்றேன். இருவரும் சேர்ந்து கட்டைத் தூக்கிப் பரணில் வைத்தோம்.

நான் கல்லூரியில் சேர்ந்த முதல் மூன்று மாதம் அவள் என்னோடு பேசவில்லை. விடுதியிலிருந்து வீட்டுக்கு அழைத்தால் அத்தை எடுப்பார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார், வைத்துவிடுவார். பல் மருத்துவம் எனக்கு ஒரு கனவாக இருந்ததில்லை. நாங்கள் எழுதிய வருடத்துப் பாடத்திட்டத்தில் பல்லைப் பற்றிய பாடமே கிடையாது. கல்லூரியில் ஆளுக்கொரு மெழுகுக் கட்டியைக் கொடுத்து, அதைச் செதுக்கிப் பல் செய்யச் சொன்னார்கள். என் முதல் பல் உடைந்த சோப்பைப் போல இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ பல்லில் ஒரு மேடும் பள்ளமும் சரியாக விழுந்தபோது, அதைப் படம் எடுத்துப் பாப்பாவுக்கு அனுப்பினேன். யோசித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். சாயங்காலம் பதில் வந்தது: "வேர் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. சரியா?" ஆமாம், சாய்ந்துதான் இருந்தது. வேர்கள் அப்படித்தான் பின்பக்கமாகச் சாயும் என்று எழுதினேன். அதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அடுத்த ஆண்டு அவள் மறுபடி நீட் எழுதவில்லை. தோட்டக்கலைப் படிப்பில் சேர்ந்தாள். வேறு வழியில்லாமல் சேர்ந்தாளா, விரும்பிச் சேர்ந்தாளா என்று நான் கேட்டதில்லை. விடுமுறையில் திராட்சைப் பந்தலுக்குள் அண்ணனோடு மருந்தடிப்பதைப் பற்றிச் சண்டை போடுகிறாள். சண்டையில் அவள்தான் ஜெயிக்கிறாள்.

அந்த நாற்பத்தொன்றைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். மாமா சொன்னது நியாயம் என்று ஒரு நாள் தோன்றும். அதற்காகத்தான் அந்த இடங்களை வைத்திருக்கிறார்கள். நான் யாரிடமும் எதையும் பறிக்கவில்லை. இன்னொரு நாள், என் பக்கத்தில் உட்கார்ந்து தொரட்டியை வைத்துப் பாடம் சொன்னவளின் முகம் வரும். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. ஒரே மேசையில் உட்கார்ந்து படித்த இரண்டு பேருக்கு நடுவில் அது வந்து விழுந்தால் வலிக்கத்தான் செய்யும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள இப்போது பழகியிருக்கிறேன்.

எனக்கு இப்போது மூன்றாம் ஆண்டு. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பாப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மதினி, பின்னால ஒண்ணு குத்துது. பாருங்க."

ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ்த்தாடையில் ஞானப்பல் குறுக்காகப் படுத்துக்கொண்டு முன்னால் இருந்த பல்லை முட்டிக்கொண்டிருந்தது. அத்தை கையில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னத்தா, பெரிய வேலையா?" என்று என்னிடம் கேட்டார்.

"எக்ஸ்ரே எடுக்கணும் அத்த. அனேகமா எடுத்துரச் சொல்லுவாக."

"நீங்களா எடுப்பீக?" என்றாள் பாப்பா, வாயைத் திறந்தபடியே.

"சாதாரணப் பல்லுன்னா எடுப்பேன். இது படுத்துக் கெடக்கு. எங்க சார்தான் எடுக்கணும். நான் பக்கத்துல நின்னு உறிஞ்சு குழாயப் பிடிச்சுக்கிறேன்."

"பிடிச்சுக்குங்க" என்றாள். "ஆனா திங்கக்கிழமை வேணாம். எனக்கு அன்னைக்குப் பரீட்சை."