கட்டியது யார் என்று ராஜாத்தி கேட்டாள்

ராஜாத்திக்குச் சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவள், நாலா என்று எல்லோரும் சொல்லும் பெரிய சாக்கடையோரக் குடிசையிலேயே பிள்ளை பெற்று வளர்த்துவிட்டாள். சரோஜினி நகரில் வீட்டு வேலை. புருஷன் மாசிலாமணி கொத்தனார்.

அந்தப் பகுதிக்கு எம்.எல்.ஏ. ஒரு பொதுக் கழிப்பறை கட்டிக்கொடுத்தார். மேளமும் மாலையுமாகத் திறப்புவிழா நடந்தது. கான்ட்ராக்ட் அவருடைய மச்சானுக்குப் போனதாகப் பேச்சு. அடுத்த மழைக்குள் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய், கதவில் பூட்டு தொங்கியது. பெண்கள் பழையபடி விடியுமுன் தண்டவாளத்தோரம் ஒதுங்கினார்கள். அப்படிப் போன இடத்தில் ராஜாத்தியின் மகள் பிரபாவை ஒருவன் துரத்திக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தியவள், அன்று முழுக்க வெளியே வரவில்லை.

தேர்தல் வந்தது. எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வந்தபோது, கழிப்பறையைப் பற்றிச் சேர்ந்து கேட்போம் என்று பேசிவைத்திருந்த பெண்களில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாத்தி மட்டும் எழுந்து, தெரிந்த இந்தியில் கேட்டாள்.

"எம்.எல்.ஏ.ஜி, கக்கூஸ் கட்டுற வேலைய யாருக்குக் குடுத்தீங்க? எதப் பாத்துக் குடுத்தீங்க? ஏன் பூட்டிக் கெடக்கு?"

அவர் சிரித்தார். "அச்சா, பஹன்ஜி. பாக்கறேன்" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த சந்துக்குப் போனார்.

மறுவாரம் அவருடைய ஆள் பிரதீப் கழிப்பறைச் சாவியோடு ராஜாத்தி வீட்டுக்கு வந்தான். "இனிமே இது உங்க பொறுப்பு. மோட்டார் வந்துரும். சம்பளமும் உண்டு."

"வாய அடைக்கக் குடுக்கறானுவ. வேணாம் புள்ள" என்றான் மாசிலாமணி.

"அது தெரியாமலா? தெறந்துட்டா பிரபா தண்டவாளத்துக்குப் போவ வேணாம்ல."

இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். மோட்டாரும் வரவில்லை, சம்பளமும் வரவில்லை. பூட்டைத் திறந்து, குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். அப்படியும் நாற்றம் அடங்கவில்லை. பிரதீப் போனை எடுப்பதில்லை.

"சாவிய வச்சிக்கிட்டு என்னாடி பண்ற?" என்று பாப்பம்மாளே ஏசினாள். ராஜாத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

எம்.எல்.ஏ. மறுபடி ஜெயித்தார். நன்றி சொல்ல அவர் போட்ட கூட்டத்தில் ஒரு இந்திக்காரப் பெண் கழிப்பறையைப் பற்றிக் கேட்டாள். அவர் ராஜாத்தியைக் கைகாட்டினார். "பொறுப்பு அவங்க கிட்ட இருக்கு. அவங்களயே கேளுங்க."

கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் ஓய்ந்துபோன மாதிரிதான் இருந்தது. மெல்ல நடந்து போய்ச் சாவியை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"கூட்டிக் கழுவுறதுதான் ஜி எம் பொறுப்பு. மோட்டார் இல்லாததுக்கு நான் பதில் சொல்ல முடியாது. கட்டுனது யாரு? அதச் சொல்லுங்க."

எம்.எல்.ஏ. கும்பிட்டபடி எழுந்தார். யாரோ பாட்டுப் போட்டார்கள். பிரதீப் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. விட்ட வீடுகளில் வேறு ஆள் சேர்ந்துவிட்டதால், ராஜாத்தி இப்போது ஜனக்புரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வேலை பார்க்கிறாள். எம்.எல்.ஏ. வரப்போகிறார் என்று ஒருநாள் பேச்சு அடிபட்டது.

"திரும்பவும் கேப்பியா?" என்றான் மாசிலாமணி.

"கேக்காம? இப்ப சித்த படுக்க வுடுங்க" என்று சொல்லிவிட்டு, சேலையைக்கூட மாற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.