நூற்றுப் பதினைந்தாம் எண் இதழ்

வானிலை நிலையத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் மழைமானி பார்த்தவர் அவர். காலை எட்டரைக்குக் குடுவையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீர்மட்டம் படிப்பார். படித்த கையோடு ஏட்டில் ஏற்றுவார். அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மில்லிமீட்டர்' என்றுதான் சொல்வார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான் என்றாலும் உள்ளூர அவருக்கு அதில் பெருமை.

வீட்டின் பின்னறையில் அவருடைய இதழ்கள் இருந்தன. அறிவியல் மாத இதழ் ஒன்று; 1974 ஜனவரி முதல், அது நின்றுபோன 2006 டிசம்பர் வரை. ஆண்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி. முதுகு எல்லாம் ஒரே பக்கம் வந்தால் அடுக்கு சாயும் என்று பாதியை இப்படியும் பாதியை அப்படியுமாகப் படுக்கவைத்திருப்பார். பெட்டிக்கு இரண்டு அந்துருண்டை, துணியில் முடிந்து. ஒவ்வொரு இதழின் முதுகிலும் எண் எழுதிய சீட்டு. இவற்றுக்கென ஒரு பதிவேடு: ஆண்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி. மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு வரிகள். அதில் 115ஆம் எண்ணுக்கு எதிரே மட்டும் சிவப்பு மையில் 'திரும்பவில்லை' என்று இருந்தது.

போன மழையில் பின்னறைச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. இரும்பு அலமாரி ஒன்று வாங்கி, பெட்டி பெட்டியாகப் பிரித்து மாற்ற ஆரம்பித்தார். இரண்டாம் நாள் 1983ஆம் ஆண்டுப் பெட்டி. ஈரத்தில் 114ஆம் எண் சீட்டு உரிந்து கையோடு வந்தது. மறுபடி ஒட்டலாம் என்று இதழைத் தூக்கித் துடைத்தபோதுதான் அட்டையைப் பார்த்தார்.

'ஜூன் – ஜூலை. இரட்டை இதழ்.'

உள்ளே முதல் பக்கத்தில், அச்சு இயந்திரம் பழுதானதால் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே இதழ் என்று நான்கு வரி அறிவிப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்தார். பதிவேட்டைப் பிரித்தார். 114 ஜூன், 115 ஜூலை. இரண்டும் அவர் கையெழுத்தேதான். பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி இருக்கிறதே, ஒன்றை வெறுமையாக விட மனம் வராமல் ஒரே இதழை இரண்டு வரியில் ஏற்றியிருக்கிறார். குறிப்புக் கட்டத்தில் ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய மச்சினன் காலை முறித்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தான். தையற்கடைக்காரன், சும்மா கிடக்கத் தெரியாதவன். படிக்க ஏதாவது வேண்டும் என்று அக்காவிடம் கேட்டனுப்பினான். அவர் மனமிறங்கி 1983ஆம் ஆண்டுக் கட்டைக் கொடுத்தார். கொடுக்கும்போது இதழ்களை எண்ணவில்லை. பதிவேட்டின் வரிகளைப் பார்த்துப் 'பன்னிரண்டு' என்று எழுதிக்கொண்டார். திரும்பி வந்தபோது முதுகுச் சீட்டுகளை எண்ணினார். பதினொன்று. எந்த நாளிலும் அவர் அட்டையைப் பார்ப்பவர் அல்லர், எண்ணைப் பார்ப்பவர்.

அன்று வீட்டில் உறவினர்கள் நான்கு பேர் இருந்தார்கள். மனைவியும் அங்கேதான் நின்றாள். அவர்கள் எதிரிலேயே கேட்டார். "என்ன மாப்ளே, ஒண்ணு குறையுதே. கடையில சட்டைக்குப் பேப்பர் கட்டிங் போட்டுட்டியா?"

"குடுத்ததை அப்படியே கொண்டாந்துட்டேன் மாமா."

"ஏடு பொய் சொல்லாதுப்பா."

மச்சினன் ஊன்றுகோலை எடுத்தான். வைத்த தேநீர் வைத்தபடி இருந்தது. அதன்பின் அவன் அந்த வீட்டுப் படியேறவில்லை.

இதழை ஒரு பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். மனைவி சமையலறையிலிருந்து, "எங்கங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். "இதோ வந்துடறேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கடையில் மச்சினன் காலருக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான், எழுந்திருக்கவில்லை.

"வாங்க மாமா. அளவெடுக்கணுமா?"

"இல்ல மாப்ளே. ஒண்ணு காட்டணும்."

பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஜூலைப் புத்தகம்னு ஒண்ணு வரவே இல்லன்னு. பழைய பேப்பர் கடை ஒண்ணு விடாம தேடினேன், எட்டு மாசம். வாங்கிக் குடுத்துட்டா விவகாரம் தீர்ந்துடுமேன்னு. கடைசியில ஒரு கடைக்காரர் சிரியா சிரிச்சார். 'பொறக்காத புள்ளைக்குப் பொறப்புச் சான்று கேக்குறீங்களே'ன்னார்."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமேப்பா."

"வந்தேன். வாசல் வரைக்கும். உள்ள யாருக்கோ பெட்டியைத் திறந்து காட்டிக்கிட்டிருந்தீங்க. 'எல்லாம் சரியா இருக்கு, இது ஒண்ணுதான் நம்ம மச்சினன் கைவரிசை'ன்னீங்க. அப்படியே திரும்பிட்டேன்."

அது எந்த நாள், வந்தவர் யார் என்று அவருக்கு நினைவில்லை. பெட்டி பார்க்க வந்த எல்லோரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார். காது மடல்கள் சுட்டன. வெளியே நின்ற வாடிக்கையாளர் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அந்த ஆள் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிரு மாப்ளே."

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அவ எதிர்லதானே பேப்பர் கட்டிங்னு கேட்டீங்க? அங்க சொல்லிட்டு வாங்க. அவ கூப்பிட்டா வரேன். நீங்க கூப்பிட்டு வரமாட்டேன்." தையல் இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

பேருந்தில் வரவேண்டிய தூரத்தை நடந்தே வந்தார். வழியெல்லாம் வாக்கியங்களை அமைத்துப் பார்த்தார். 'பதிவில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது' என்பது ஒன்று. யாரோ செய்த பிழைபோல் இருந்தது அது. அதை விட்டுவிட்டார்.

மனைவி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காராமல் இதழை அவள் முன்னால் வைத்தார்.

"நான்தான் தப்பா எழுதிட்டேன். உன் தம்பி எதையும் எடுக்கல. அப்படி ஒரு புத்தகமே கிடையாது." இரட்டை இதழ், இரண்டு வரி, கடையில் நடந்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவள் அட்டையைப் பார்த்தாள். இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"அவன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் தனியா போய் நின்னேன். வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டவங்களுக்கெல்லாம் உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னேன்."

"ம்."

"அதுகூடப் பரவாயில்லீங்க. உங்க ஏடு தப்பாகும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. எங்கயாவது தொலைச்சுட்டு மறைக்கிறானோன்னு நானும் ஒரு ஓரத்துல நெனச்சுட்டேன். கூடப் பொறந்தவனை. ஒம்பது வருஷம்."

ஒன்பது வருடம் நான்கு மாதம் என்று அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினார். அப்படி வந்ததே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எண் தெரியாது. அவர் பக்கம் நீட்டினாள்.

"போட்டுக் குடுங்க. முதல்ல நான் மன்னிப்புக் கேட்டுக்கணும் அவன்கிட்ட."

போட்டுக் கொடுத்தார். மணி போகும் ஓசை அவருக்கும் கேட்டது. மெல்லப் பின்னறைப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க? இங்கயே நில்லுங்க" என்றாள்.

நின்றார். அந்தப் பக்கம் எடுத்துவிட்டான். "தம்பி" என்றவள் மேசையில் கிடந்த இதழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, வெங்காயத் தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.